கரிக் கிட்டங்கியில் பார்த்த மூன்று ஆட்டம்

முதல் ஆட்டத்துக்கு இருந்தவர்கள் இவர்கள்.

நான். சல்லடையில் கரி சலிக்கிறவள்.

என் மதினி. அவளும் சல்லடைதான். எனக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆட்டுவாள்.

என் அண்ணன். மதினியின் வீட்டுக்காரர். லாரியில் மூட்டை ஏறும்போது நின்று எண்ணிக்கை சொல்வது அவர் வேலை.

முதலாளி. கிட்டங்கி அவருடையது. டவுனில் மளிகைக் கடையும் உண்டு. கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். இவர் பொழுதெல்லாம் எங்களோடுதான்.

டிரைவர் பாய். வீரசோழன் ஊர்க்காரர். முதலாளியின் லாரியை ஓட்டுகிறார். முன்பு வெளிநாட்டில் ஓட்டியவர். போன் அவருடையது.

என் மகள். பதினொன்றாவது படிக்கிறாள். பரீட்சை லீவு என்பதால் சாக்குத் தைக்க வந்திருந்தாள்.

ஆறு பேர். நாய் ஒன்றும் படுத்துக் கிடந்தது. அதைச் சேர்க்கவில்லை.

கிட்டங்கி திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது. சுற்றிச் சீமைக் கருவேலம். அதை வெட்டி, அடுக்கி, மேலே மண் பூசித் தீ வைத்துக் கரியாக்குவார்கள். கரி இங்கே வரும். சலித்து மூட்டை பிடிப்போம். லாரி கோயம்புத்தூர் போகும். என் வீட்டுக்காரர் கரிமூட்டத்தில் வேலை பார்க்கிறார். மூட்டத்தில் தீ வைத்துவிட்டால் ஆள் நகர முடியாது. பூசிய மண் எங்கேயாவது விரிந்து காற்று நுழைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சாம்பல். அதனால் இந்தக் கதையில் அவர் போனில்தான் வருவார்.

என் மகள் பள்ளிக்கூடப் புட்பால் டீமில் கோல்கீப்பர். உயரமாக இருக்கிறாள் என்று நிறுத்தினார்களாம். கைப்பழக்கமும் உண்டு. லாரி மேலிருந்து நான் காலிச் சாக்குக் கட்டை எறிவேன். சின்னப் பிள்ளையிலிருந்தே கீழே நின்று பிடிப்பாள். தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

லீவுக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் ஒரு மேட்ச். போய்விட்டு வந்தாள். கையுறையைக் கழற்றி வேலி முள்ளில் மாட்டினாள். பிறகு அதைத் தொடவே இல்லை. தோற்றுவிட்டார்கள் என்று தெரிந்தது. எத்தனை கோல் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

விளையாட்டு டீச்சர் போன் பண்ணினார். பள்ளிக்கூடம் திறந்து வருகிற சனிக்கிழமை அடுத்த மேட்ச். இவளை விட்டால் வேறு கீப்பர் கிடையாது. இவள் வரவில்லை என்றால் டீமையே அனுப்ப மாட்டார்கள். நீங்கள் சொல்லிப் பாருங்கள் என்றார். சொன்னேன். அவள் ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்தாள். அடுத்த சாக்கை எடுத்தாள்.

இந்த நிலைமையில்தான் பாய் போனோடு வந்தார். நம் நாட்டுப் பெண் பிள்ளைகள் ஆசியப் போட்டியில் ஆடுகிறார்கள், இன்று முதல் ஆட்டம், சாப்பாட்டு நேரத்தில் வருகிறது என்றார்.

முதலாளிக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும். எத்தனை ஓவர் என்று கேட்டார்.

எடை மிஷின் தட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்தோம். கையில் பிடித்தால் ஆடுகிறது, வேறு சமமான இடம் அங்கே இல்லை. மிஷினின் கம்பத்தில் சிவப்பாக எடை எரியும். போனின் எடை அதற்கு ஒரு கணக்கே இல்லை. பூஜ்யம் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு முதலாளி இன்னும் யாரும் கோல் போடவில்லை போல என்றார். பார்க்கிற சுவாரஸ்யத்தில் தட்டின் மேல் முழங்கையை ஊன்றினார். பன்னிரண்டு காட்டியது. மதினி நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

"அதுக்குள்ள பன்னெண்டா?"

பாய் சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடித்தார்.

அசல் ஸ்கோர் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. அது போனின் மேல் மூலையில் வரும். பாயின் போன் ஒரு தடவை லாரியிலிருந்து விழுந்ததில் அந்த மூலை மட்டும் உடைந்து கறுத்துக் கிடந்தது. ஆட்டம் தெரியும். கணக்கு தெரியாது. அதனால் கணக்கை அண்ணனிடம் விட்டோம். எண்ணிக்கை என்று வந்துவிட்டால் அவரிடம் தப்பு வராது. அப்போது அப்படித்தான் நினைத்தோம்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிராளி ஒரு கோல் போட்டார்கள். அண்ணன் சத்தமாகச் சொன்னார்.

"லாபம்."

எங்கள் பக்கம் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் மூட்டைக்கு லாபம். பிறகு ரெண்டு, மூணு. அண்ணன் அதே வாயால் சொல்லிவிட்டார். மதினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கு லாபம்? நீரு எந்த நாட்டுக்காரரு?"

அண்ணன் அடுத்த கோலுக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அப்படியும் ரெண்டு என்று வந்துவிட்டது. மூன்றாவதும் வந்தது. நம்மவர்கள் ஒன்றும் போடவில்லை. ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் பேச்சு. சல்லடை ஆடவில்லை. சாக்கு நகரவில்லை. எல்லாரும் கீப்பரைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டாள் என்றாள் மதினி. முதலாளி, அவ்வளவு பெரிய கையுறை போட்டும் பந்து நிற்கவில்லை என்றால் கூடையைக் கொடுத்து நிறுத்த வேண்டியதுதான் என்றார். அண்ணன், அவள் விழுவதெல்லாம் பந்து போன பிறகுதான், படுக்கிறதுக்கு இடம் பார்க்கிறாள் என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

பிறகு மகள் பக்கம் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. சாக்கு வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். அகலமாக நாலு தையல் போட்டால் போதும். அவள் நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தாள். அந்த மூட்டையைக் கோயம்புத்தூரில் அறுத்துத்தான் திறந்திருப்பார்கள்.

நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். மற்றவர்களுக்கு என்ன சொல்ல. அவர்கள் அவளைச் சொல்லவில்லை. யாரோ ஒரு பிள்ளையைச் சொன்னார்கள். மகள் தோற்று வந்தது அவர்களுக்குத் தெரியும். கையுறை முள்ளில் தொங்குவது தெரியாது.

மறுநாள் பேச்சு இன்னும் பெரிதாகிவிட்டது. பாய் சிமெண்டுத் தரையில் கரியால் மைதானம் வரைந்தார். ரெண்டு முனையிலும் வலைக்குக் கட்டம் போட்டார். கரித்துண்டுகளை ஆளாக வைத்தார். நம்மவர்களுக்குத் தூர்க்கரி, எதிராளிக்குக் கிளைக்கரி. தூர்க்கரி கனமானது, அதை நமக்கு வைத்ததில் முதலாளிக்குத் திருப்தி.

ஆஃப்சைடு என்றால் என்ன என்று பாய் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். யாருக்கும் ஏறவில்லை. கடைசியில் மதினிக்குத்தான் பிடிபட்டது. பஸ் வந்து நிற்குமுன்னே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறான் அல்லவா, அதுதானே என்றாள். பாய் யோசித்துப் பார்த்து, கிட்டத்தட்ட அதேதான் என்றார். அதற்குப் பிறகு கிட்டங்கியில் ஆஃப்சைடுக்குப் பெயர் துண்டு. "இது துண்டு, செல்லாது" என்று அண்ணன் கையைத் தூக்குவார்.

முதலாளி ஒரு யோசனை வைத்திருந்தார். ராத்திரி தூங்காமல் யோசித்தாராம். பதினொரு தூர்க்கரியையும் எடுத்து நம் வலைக்கு முன்னால் வரிசையாக அடுக்கினார். சுவர் மாதிரி நின்றது.

"எவ போடுவா இனிமே?"

அண்ணன் கேட்டார், "நம்ம எப்ப மொதலாளி கோல் போடுறது?"

"மொதல்ல தோக்காம இருப்போம்பா. வசூலைப் பெறகு பாப்போம்."

மதினிக்கு இதெல்லாம் கிடையாது. சாப்பாட்டில் கோளாறு என்றாள். போன இடத்தில் ரொட்டியைக் கொடுத்திருப்பார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆளுக்கு ஒரு தட்டுக் கறிச்சோறு கொடுத்தால் நம் பிள்ளைகள் நிற்கிற நிற்பே வேறு. பாய் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் மூட்டத்திலிருந்து போன் பண்ணினார். மூட்டம் எப்படி, சாப்பிட்டீர்களா, அவ்வளவுதான் எப்போதும். அன்றைக்கு நான் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் கீப்பரைச் சொல்கிறார்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"தீ வெளிய வந்த எடத்தப் பாத்து என்ன செய்ய. காத்து நுழைஞ்ச எடத்தப் பாக்கச் சொல்லு."

மறுநாள் அதைப் பாயிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்து தூர்க்கரிகளை மறுபடி அடுக்கினார். மூன்று கோலும் எப்படி வந்தது என்று பின்னாலிருந்து முன்னால் நகர்த்திப் பார்த்தார். மூன்றும் இடது பக்கம்தான். அந்தப் பக்கம் நிற்க வேண்டிய பிள்ளை ஒவ்வொரு தடவையும் முன்னால் ஓடிப்போயிருக்கிறாள். கீப்பருக்கு முன்னால் ஆளே இல்லை. பாய் எழுந்து என்னைப் பார்த்தார். உங்க வீட்டுக்காரர் புட்பால் ஆடியிருக்காரா என்று கேட்டார். ஆடினதில்லை என்றேன்.

மகள் தைத்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் அந்தக் கரித்துண்டுகளைப் பார்த்தாள். நான் பார்த்தேன்.

இரண்டாவது ஆட்டம் லோடு நாளில் வந்து விழுந்தது. எதிராளி ஆசியாவிலேயே பெரிய கை என்றார் பாய். லாரி நின்றது. சுமை தூக்க ரெண்டு ஆட்கள் வந்திருந்தார்கள். லோடு அன்றைக்கே கிளம்ப வேண்டும், ஆட்டமும் பார்க்க வேண்டும். முதலாளி போனை மிஷினில் வைத்தார். அண்ணனை லாரிப் பலகைக்குப் பக்கத்தில், போன் தெரிகிற மாதிரி நிற்க வைத்தார். ஒரு கண் மூட்டையில், ஒரு கண் ஆட்டத்தில். நாங்கள் கட்டிவைத்த மூட்டைகளில் சாய்ந்துகொண்டோம்.

மூட்டை ஏறியது. அண்ணன் எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு என்று நன்றாகத்தான் போனது. கோல் விழ ஆரம்பித்தது. முதல் கோலுக்கு மதினி ஐயோ என்றாள். ரெண்டாவதுக்கு ஏலே ஏலே என்று முதலாளி போனைப் பார்த்துக் கத்தினார். பிறகு கத்தவும் நேரமில்லை. எதிராளிப் பிள்ளைகள் பந்தை எங்கள் கண்ணுக்கே காட்டவில்லை. பாய் மட்டும் போனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சொல்லுங்க, சொல்லுங்க, இன்னுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் போன் சூடேறி அணையப் பார்த்தது. மதினி முறத்தால் விசிறினாள்.

இந்தத் தடவை எல்லாரும் சிரித்துவிட்டோம். அழுகிற கட்டம் தாண்டிவிட்டால் சிரிப்புத்தான் வரும். எத்தனை கோல் என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணனைக் கேட்டால், நான் மூட்டையை எண்ணுவதா அதை எண்ணுவதா என்றார். பாய் வருத்தத்தோடு லாரியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனார்.

மறுநாள் காலை கோயம்புத்தூர்காரர் முதலாளிக்குப் போன் போட்டார். லோடில் ஒன்பது மூட்டை குறைகிறது.

முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என் கணக்கில் தப்பு வராது என்றார். முதலாளி கரி சலிக்கிற எங்களைப் பார்த்தார். நாங்கள் மிஷின் பக்கம் பார்த்தோம். அங்கே மூட்டைகள் நின்றன. முந்தின நாள் நாங்கள் சாய்ந்து ஆட்டம் பார்த்த மூட்டைகள். முதலாளி போய் எண்ணினார். ஒன்பது.

அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். மெதுவாக நெற்றியில் கை வைத்தார். ஒவ்வொரு கோலுக்கும் அவர் வாய் தன்னால் அடுத்த எண்ணைச் சொல்லியிருக்கிறது. சுமைக்காரர் மூட்டையோடு வந்தால் அதற்கு அடுத்த எண். அப்படியே கோலும் மூட்டையுமாக லோடு நிறைந்துவிட்டது.

முதலாளி அண்ணனைத் திட்ட வாயைத் திறந்தார். திறந்த வாயோடு நின்றார். பிறகு சொன்னார்.

"அப்ப ஒம்பது கோலு வாங்கியிருக்கோம்."

மதினி சல்லடையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிப்பு சத்தமே இல்லாமல் வந்தது. எனக்கு வயிறு வலித்தது. கூலி வாங்க வந்திருந்த சுமைக்காரர் ஒருவர், நான் தூக்கினது மூட்டையா கோலா என்று கேட்டதில் முதலாளியும் விழுந்துவிட்டார். கோயம்புத்தூர்காரர் போனில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே இருந்தார். முதலாளி அவரிடம், அண்ணாச்சி, ஆட்டத்தில் ஒன்பது போய்விட்டது, அடுத்த லோடில் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். அவருக்கு என்ன விளங்கியதோ.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் மகள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள்.

"எனக்கு எட்டுத்தான்," என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சிரிப்பு அடங்கியது.

"அருப்புக்கோட்டையில நான் எட்டு வாங்குனேன். அவுக ஒம்பது. நாட்டுக்கே நிக்கிறவுக."

முதலாளி தொண்டையைச் செருமினார். மதினி எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். எண்ணெய் தேய்த்தது, கூடை கொடுத்தது எல்லாம் அவர்களுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும். முகத்தில் தெரிந்தது.

மகள் அண்ணனைப் பார்த்தாள்.

"மாமா, உள்ள போனதெல்லாம் எண்ணுனீக. எத்தனை புடிச்சாகன்னு எண்ணுனீகளா?"

அண்ணன் எத்தனையோ வருஷமாக எண்ணிக்கை சொல்கிறவர். லாரிக்குள் ஏறுகிறதைத்தான் எண்ணுவார். ஏறாததை எண்ணச் சொல்லி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வெற்றிலையைக் கூட மடிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மதினியிடம், பிள்ளை கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது ஆட்டம். பாய் திரும்பி வந்துவிட்டார். ஒன்பது மூட்டை கதையைக் கேட்டு, கோயம்புத்தூரில் நான் பட்ட பாடு உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதா என்றார். அவரும் சிரித்தார்.

இனி அடுத்த சுற்றுக்குப் போக வழியில்லை, கணக்குப்படி நம் டீம் வெளியே என்று பாய் விளக்கினார். யாரும் கவலைப்படவில்லை. முதலாளி வேலையை நிறுத்தச் சொன்னார். லோடு நாளைக்கு. டவுனிலிருந்து சேவும் கலரும் வாங்கி வந்திருந்தார். மகள் மூட்டையிலிருந்து இறங்கி முன்வரிசைக்கு வந்தாள். அண்ணன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார். கோல் கணக்கு யாருக்கும் வேண்டாம் என்று முடிவு. கீப்பர் பிடித்ததை மட்டும் எண்ணுவது. எது செல்லும், எது செல்லாது என்று சொல்வது மகள்.

முதல் பந்து வந்தது. அந்தப் பிள்ளை வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள்.

"லாபம்," என்றார் அண்ணன்.

எல்லாரும் கை தட்டினோம். நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

ரெண்டு. மூணு. அடுத்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. முதலாளி நாலு என்றார். மகள் தலையை ஆட்டினாள். அது கம்பம் பிடித்தது, கீப்பர் கணக்கில் வராது. முதலாளி, கம்பம் யாருடையது, நம்முடையதுதானே என்று வழக்குக்கு நின்றார். அண்ணன் எண்ணிக்கையில் கண்டிப்பானவர். பலகையில் பட்டு விழுந்த மூட்டை ஏற்றின மூட்டை ஆகாது என்று தள்ளிவிட்டார். வெளியே போகிற பந்துக்கும் மதினி கை தட்டினாள். அது தானாகப் போகிற பந்து, அத்தை, அதுக்குத் தட்டாதீக என்றாள் மகள். அவ விட்ட பார்வையிலதான் அது வெளிய போச்சு என்றாள் மதினி.

ஒரு தடவை பந்து விரல் நுனியில் பட்டதா படவில்லையா என்று பெரிய சண்டை. பட்டது என்றார் முதலாளி. படவே இல்லை என்றார் அண்ணன். மகள் எழுந்து நின்று இடது கையை நீட்டிக் காட்டினாள். கீப்பர் எப்படி எழும்பினாள், மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியது, படாமல் இருந்தால் பந்து எந்தப் பக்கம் போயிருக்கும். எங்களுக்கு முன்னால் அப்படி அவள் கையை நீட்டி நின்று ரொம்ப நாள் ஆயிற்று. அண்ணன் ஒத்துக்கொண்டு எண்ணைக் கூட்டினார். அதற்குள் பாய் போனைக் காட்டிக் கத்தினார்.

"நம்ம கோல் போட்டுட்டோம். ஒருத்தரும் பாக்கலயே."

உண்மைதான். இந்த முனையில் நாங்கள் விரலுக்குச் சண்டை போட்டபோது அந்த முனையில் நம் பிள்ளைகள் கோல் போட்டுவிட்டார்கள். அந்தப் போட்டியிலேயே நாங்கள் பார்த்த வரைக்கும் நாம் போட்ட ஒரே கோல். மறுபடி காட்டியபோதுதான் பார்த்தோம். ஓடினாள், உதைத்தாள், வலை குலுங்கியது. முதலாளி கலர் பாட்டிலைக் குலுக்கித் திறந்துவிட்டார். என் தலையில், மதினி தலையில், எடை மிஷினில் எல்லாம் கலர். மிஷின் எதையோ காட்டி அணைந்தது. மதினி பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி பஸ்ஸைப் பார்த்து, ஜெயிச்சுட்டோம் என்று கத்தினார். கண்டக்டர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

ஜெயிக்கவில்லை. அதற்குப் பிறகு எதிராளி சில கோல் போட்டார்கள். எத்தனை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிடித்தது அண்ணன் கணக்கில் பன்னிரண்டு. முதலாளி கணக்கில் பதினைந்து, கம்பத்தை அவர் விடவே இல்லை. மகள் பதினொன்று என்றாள். அண்ணனுக்கும் ஒன்றைக் குறைத்துவிட்டாள். மாமா சொல்கிற அந்தப் பந்து துண்டு, அதற்கு முன்னாலேயே விசில் ஊதிவிட்டார்கள் என்றாள். அண்ணன் யோசித்து, சரிதான் என்று ஒன்றை விட்டுக்கொடுத்தார். அவர் எண்ணிக்கையைத் திருத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சேவைத் தின்றுகொண்டு பேசினோம். இந்தத் தடவை கீப்பர் இல்லை, இடது பக்கப் பிள்ளைதான் அகப்பட்டாள். மதினி கீப்பருக்குக் கறிச்சோறோடு ஈரலும் போடச் சொன்னாள்.

வீடு திரும்பியபோது மகள் எனக்கு முன்னால் நடந்தாள். வேலியருகே நின்றாள். கையுறையை முள்ளிலிருந்து எடுத்தாள். வெயிலில் விறைத்துப் போயிருந்தது. ஒரு விரல் முள்ளில் கிழிந்திருந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கோணி ஊசியால், சணலை ரெண்டாகப் பிரித்து, விரலைத் தைத்தேன். நெருக்கமாக.

சனிக்கிழமை முதலாளி லாரியைக் கொடுத்தார். கொடுத்ததோடு ஏறியும் கொண்டார். பாய் ஓட்டினார். அண்ணன், மதினி, நான் பின்னால். மகள் முந்தியே பஸ்ஸில் டீமோடு போயிருந்தாள். அருப்புக்கோட்டை மைதானத்தில் நாங்கள் கரி லாரியிலிருந்து இறங்கியதைப் பார்த்து டீச்சர் முதலில் பயந்துவிட்டார்.

அண்ணன் எங்களோடு உட்காரவில்லை. நேராக வலைக்குப் பின்னால் போய் நின்றார், லாரிப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து வேகமாக வந்தது. மகள் பக்கவாட்டில் விழுந்து பிடித்தாள்.

"லாபம்," என்று கேட்டது வலைக்குப் பின்னாலிருந்து.

எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவரும் பார்த்தார். மகள் பார்க்கவில்லை. எழுந்து பந்தைத் தூரமாக உதைத்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

பிறகு பந்து வந்துகொண்டே இருந்தது. இடது பக்கப் பிள்ளை முன்னால் ஓடும்போதெல்லாம் மகள் அவளைக் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்தினாள். அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வீட்டில் அவள் குரல் அடுப்படிக்கு எட்டாது. முதலாளி கம்பத்தில் பட்ட பந்துக்கு எழுந்தார். மதினி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். வெளியே போன பந்துக்கும் மதினி கை தட்டினாள். அதை யாரும் தடுக்கவில்லை.

தோற்றோம். டீச்சர் மகளின் முதுகில் தட்டினார். மகள் கையுறையைக் கழற்றவில்லை. அதோடேயே தண்ணீர் குடித்தாள்.

வீட்டுக்காரர் மூட்டத்திலிருந்து போன் பண்ணினார்.

"எத்தனை புடிச்சா?"

நான் வலைக்குப் பின்னால் பார்த்தேன். அண்ணன் ரெண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு மூன்று விரல்.

பதின்மூன்று.